காலண்டர் காப்பாற்றிய வயல்

பூ வயல் ஒன்றை ஃபோட்டோ ஷூட்டுக்கு புக் செய்திருக்கிறீர்களா? நீங்கள் செய்யாவிட்டாலும் உங்கள் நண்பர்களில் யாராவது கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டுக்காகச் செய்திருப்பார்கள். அந்தப் படிவம் எந்த நாட்டுப் பண்ணையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எத்தனை பேர் வருகிறீர்கள்? ட்ரைபாட் உண்டா? ட்ரோன் பறக்குமா? உடை மாற்ற இடம் வேண்டுமா? படம் சொந்த உபயோகத்துக்கா, விளம்பரத்துக்கா? கடைசிக் கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறும். விடிகாலைக்கும் பொழுது சாயும் நேரத்துக்கும் விலை கூட. அப்புறம் நிபந்தனைகள்: பூவைப் பறிக்கக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, நேரம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

பணம் கட்டி, படம் எடுத்து, வெளியே வரும்போது கையில் ஒரு பூகூட இருக்காது. வயலில் எதுவும் குறைந்திருக்காது. குறையக்கூடாது என்பதுதான் நிபந்தனையே. அப்படியென்றால் நாம் எதை வாங்கினோம்?

பூவை விற்பது பழைய தொழில். பூவிலிருந்து எண்ணெய் எடுத்து விற்பதும் பழசுதான். பூ நிற்கிற வயலின் தோற்றத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது புதுசு. அதன் தொடக்கத்தைத் தேடிப் போனால் உலகின் பல மூலைகளுக்குப் போக வேண்டியிருக்கும். எனக்கு அதில் ஒரே ஒரு இடத்தின் கதை மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சில. ஒன்றில் ஒரு புகைப்படம் வயலைக் காப்பாற்றியது. இன்னொன்றில் புகைப்படங்களால் ஒரு மரம் வெட்டுப்பட்டது. முதல் கதையை மட்டும் சொன்னால் அது சுற்றுலாத் துறை விளம்பரமாகிவிடும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் படிவத்தில் ஏன் அத்தனை கேள்விகள் என்று புரியும்.

நாற்றம் வீசும் ஊர்

ஃபுரானோ என்ற பெயர் ஜப்பானியச் சொல் இல்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘வாடை அடிக்கிற இடம்’ என்பதுபோன்ற பொருள். தொகாச்சி எரிமலையிலிருந்து கந்தகம் கலந்து இறங்கும் தண்ணீரின் வாடை அது. பக்கத்து ஊரான பியெய்யின் பெயரும் ஐனு மொழிதான். எண்ணெய்ப் பசை, கலங்கல் என்று அர்த்தம் சொல்கிறார்கள். அதே கந்தகத் தண்ணீர்தான் காரணம். பின்னாளில் உலகம் முழுக்க லாவெண்டர் வாசனைக்காகவும் எண்ணெய்க்காகவும் பேசப்பட்ட ஊர்களுக்கு வாடையும் எண்ணெய்ப் பசையும் பெயராக அமைந்தது தற்செயல்தான்.

1869-ல் ஜப்பானிய அரசு அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் வைத்து, குடியேற்றத்துக்கென்றே ஒரு துறையையும் அமைத்தது. தெற்கிலிருந்து ஏழை விவசாயிகள் வந்து காடு திருத்தினார்கள். ஐனு மக்களின் வேட்டைக்காடும் மீன்பிடி ஆறும் கைமாறின. 1899-ல் அவர்களைப் ‘பாதுகாக்க’ என்று ஒரு சட்டம் வந்தது. அவர்களை விவசாயிகளாகவும் ஜப்பானியர்களாகவும் மாற்றுவதுதான் அதன் உள்நோக்கம். இந்த நிலத்துக்குள் நுழைய முதலில் யார் யாரிடம் அனுமதி கேட்டார்கள் என்ற கேள்விக்கு, யாரும் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் பதில். கட்டுரையின் பிற்பகுதியில் ‘அனுமதியில்லாமல் நுழையாதீர்’ என்ற பலகை வரும். அப்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

குடியேறியவர்களுக்கும் அந்த மண் சும்மா மசிந்துவிடவில்லை. 1926 மே 24 அன்று தொகாச்சி மலை வெடித்தது. மலைமேல் கிடந்த பனி உருகி, சேறாகப் பொங்கி, அரை மணி நேரத்துக்குள் கமிஃபுரானோ கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 144 பேர். முப்பது வருடம் பாடுபட்டுத் திருத்திய வயல்கள் கந்தகச் சேற்றுக்குள் போயின. விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றவர்களும் இருந்தார்கள். இருந்தவர்கள் வேறு இடத்திலிருந்து நல்ல மண்ணைச் சுமந்து வந்து, அந்தப் புளித்த சேற்றின்மேல் பரப்பி, மறுபடி நெல் நட்டார்கள்.

படத்தில் நாம் பார்க்கும் ‘இயற்கை எழில்’ என்பது இப்படி ஆட்கள் முதுகில் சுமந்து கொட்டிய மண். இது படத்தில் தெரியாது.

ஐந்து கிலோ விதை

லாவெண்டர் ஜப்பானுக்கு வந்தது அழகுக்காக அல்ல, சோப்புக்கும் சென்ட்டுக்கும் வேண்டிய எண்ணெய்க்காக. வாசனைப் பொருள் தயாரிப்பாளரான மஸாஜி ஸோதா 1937-ல் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து ஐந்து கிலோ விதை வரவழைத்தார். நாட்டின் பல பகுதிகளில் நட்டுப் பார்த்ததில், குளிரும் வறண்ட காற்றும் உள்ள ஹொக்கைடோதான் ஒத்துவந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் ஜப்பானில் முதல்முறையாக லாவெண்டர் எண்ணெய் வடிக்கப்பட்டது. 1948-ல் கமிஃபுரானோ விவசாயிகள் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பயிரிட ஆரம்பித்தார்கள்.

ஒப்பந்த விவசாயம் எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததில்லை. நாற்று அவர்கள் தருவார்கள், விலையும் அவர்களே சொல்வார்கள், விளைந்ததை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் நன்றாகப் போகும்வரை நன்றாகத்தான் போகும்.

நகாஃபுரானோவில் டடாவோ டோமிடா என்ற இளைஞர் இருந்தார். அவருடைய தாத்தா தலைமுறையில் ஃபுகுய் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். டடாவோ தன் இருபத்தோராவது வயதில் பக்கத்து ஊரில் ஒரு லாவெண்டர் வயலைப் பார்த்து அப்படியே சொக்கிப்போனார். ஆனால் சொக்கிப்போனவர் கையில் உடனே நிலமும் முடிவெடுக்கும் உரிமையும் வந்துவிடுமா? சில வருடங்கள் காத்திருந்து, 1958-ல் பத்து ஆர் பரப்பில் நட்டார். நம் கணக்கில் கால் ஏக்கர்.

லாவெண்டரில் நூறு கிலோ பூவை ஆவியில் வடித்தால் ஒரு கிலோ அளவுக்கு எண்ணெய் வரும், அதற்கும் குறையலாம். பூ முழுசாக விரிந்து நிற்கும்போதே அறுத்துவிட வேண்டும். வயல் மிக அழகாக இருக்கும் நாளும் அரிவாள் இறங்கும் நாளும் ஒன்று. அந்தக் காலத்தில் அந்த ஊதா நிறத்தை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. 1970-ல் ஃபுரானோ பகுதியில் 250-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் லாவெண்டர் பயிரிட்டன. வருட உற்பத்தி ஐந்து டன் எண்ணெய். அதுதான் உச்சம்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று சரிந்தது. செயற்கை வாசனைப் பொருள்கள் நன்றாகத் தேறிவிட்டன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து வெளிநாட்டு எண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. 1973-ல் நிறுவனம் கொள்முதலை நிறுத்திவிட்டது. வாங்க ஒரே ஆள் இருந்த சந்தையில் அந்த ஒருவர் போய்விட்டால் விலை குறைவதில்லை, விலை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. ஊர் முழுக்க வயல்களை உழுதுபோட்டார்கள். அரசும் அவர்களை நெல், உருளைக்கிழங்கு என்று மாறச் சொன்னது.

டோமிடாவும் ஒருநாள் டிராக்டரில் ஏறினார். வயலுக்குள் இறக்கியதும் தடித்த செடித்தண்டுகள் சக்கரத்துக்கடியில் நொறுங்கின. அந்தச் சத்தம் தனக்கு அலறல்போலக் கேட்டது என்று பின்னால் தன் வாழ்க்கைக்கதையில் எழுதினார். வண்டியை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று வீட்டில் சொன்னார். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். சாப்பாட்டுக்கு நெல். லாவெண்டருக்கு வருமானமும் இல்லை, பதில் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இதை நான் தியாகக் கதையாகச் சொல்ல வரவில்லை. குடும்பம் நடத்துகிற ஒருவருக்கு இது பொறுப்பில்லாத்தனம் என்றுகூடத் தோன்றலாம். உழுதுபோட்ட இருநூற்றுச்சொச்சம் குடும்பங்களும் பூவை வெறுத்தவர்கள் இல்லை. அவர்கள் கணக்கு சரியான கணக்கு. டோமிடாவின் கணக்குத்தான் தப்பு. தப்பான கணக்கு ஒன்று பிற்பாடு சரியாகிப்போனதால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒரு காலண்டர் படம்

1970-ல் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு வந்த கோடிக்கணக்கான மக்களால் ஜப்பான் தேசிய ரயில்வேக்கு நல்ல வசூல். கண்காட்சி முடிந்ததும் அந்தக் கூட்டத்தை எப்படி ரயிலிலேயே தக்கவைப்பது? அந்த வருடம் அக்டோபரில் ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்ற பெரும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கினார்கள். நகரத்து இளைஞர்களே, குறிப்பாக இளம் பெண்களே, உங்கள் நாட்டின் மூலைமுடுக்குகளைப் போய்ப் பாருங்கள் என்பது சாரம். போஸ்டர்களில் எந்த ஊர் என்றுகூடச் சரியாகச் சொல்லாமல் ஒரு காட்சி மட்டும் இருக்கும். அந்தக் காட்சியைத் தேடிப் போவதே பயணம். இன்றைக்கு ரீல்ஸில் ‘லொகேஷன் ப்ளீஸ்’ என்று கமென்ட் போடுகிறோமே, அதன் தாத்தா இது.

இந்த ரயில்வேயின் 1976-ம் ஆண்டுக் காலண்டரில் டோமிடாவின் லாவெண்டர் வயல் ஒரு படமாக வந்தது. ஊதா நிறச் சரிவு, பின்னால் மலை. காலண்டர் நாடு முழுக்கப் போனது.

அந்தக் கோடையில் கேமராவும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதுகில் அகலமான பை மாட்டிக்கொண்டு ரயிலின் ஒடுக்கமான நடைபாதையில் பக்கவாட்டில் நகர்ந்ததால் ‘நண்டுக் கூட்டம்’ என்று பெயர் வாங்கிய இளம் பயணிகளும் வந்தார்கள். கடைத்தெரு இல்லாத, ஹோட்டல் இல்லாத ஒரு விவசாயி வீட்டு வாசலில் அந்நியர்கள் நின்று, “அந்தப் படத்திலிருக்கிற இடம் இதுதானா?” என்று கேட்டார்கள்.

இங்கே டோமிடாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கயிறு கட்டிக் காசு வாங்கலாம். அல்லது விட்டுவிடலாம். அவர் வாசலில் காசு வாங்கவில்லை. இன்றுவரை அந்தப் பண்ணைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வந்தவர்கள் சொல்லிக்கொடுத்த யோசனைகளையும் சேர்த்துக்கொண்டு, உலர்ந்த பூவைச் சிறு துணிப்பைகளில் தைத்து விற்றார். பிறகு சொந்தமாக எண்ணெய் வடித்தார், சோப்பு செய்தார். வயலைப் பார்ப்பது இலவசம், வயலின் ஞாபகம் விலைக்கு. ஒரு காலத்தில் டன் கணக்கில் ஒரே நிறுவனத்துக்குப் போன பூ, இப்போது கையளவு பைகளாக ஆயிரம் பேருக்குப் போனது. விலையை முதல்முறையாக விவசாயியே சொன்னார்.

1981-ல் ஃபுரானோவைக் களமாகக் கொண்ட ‘கிதா நோ குனி காரா’ என்ற தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகி அந்த ஊரை நாட்டின் ஒவ்வொரு வரவேற்பறைக்கும் கொண்டுபோனது. 1990-ல் அந்தப் பண்ணையின் எண்ணெய் தென் பிரான்ஸில் நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கியது. ஐந்து கிலோ விதை வந்த நாட்டிலேயே. 1999 முதல் கோடைக்காலத்தில் மட்டும் இயங்கும் ஒரு தற்காலிக ரயில் நிலையம் அந்த வயலுக்குப் பக்கத்தில் திறக்கப்படுகிறது. அதன் பெயரே ‘லாவெண்டர் வயல் நிலையம்’. காலண்டரில் வயலைப் போட்ட ரயில், கடைசியில் வயலுக்கே வந்து நின்றது.

ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்க்காக விளைந்தபோது பூ விரிந்ததும் அறுத்தார்கள். கேமராவுக்காக விளையும்போது பூ எவ்வளவு நாள் நிற்குமோ அவ்வளவு நாள் விடுகிறார்கள். சீக்கிரம் பூக்கும் ரகம், தாமதமாகப் பூக்கும் ரகம் என்று கலந்து நட்டு, காட்சியை இழுத்துப் பிடிக்கிறார்கள். லாவெண்டருக்குப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று வரிவரியாக வேறு பூக்களும் வந்தன. பயிர் செய்வது என்ற சொல்லின் அர்த்தமே லேசாக நகர்ந்துவிட்டது. விளைச்சல் என்பது இப்போது காட்சி.

வெட்டுப்பட்ட மரம்

ரயிலில் கொஞ்சம் வடக்கே போனால் பியெய். இங்கே கதை வேறு.

பியெய்யின் மேடு பள்ளங்களில் கோதுமை, உருளைக்கிழங்கு, பீட், பயறு எல்லாம் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண் கெடும் என்பதால் வந்த பழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும். 1971-ல் இந்த வழியாக வந்த புகைப்படக் கலைஞர் ஷின்ஸோ மயேதா அந்தப் போர்வையில் மாட்டிக்கொண்டார். திரும்பத் திரும்ப வந்து படமெடுத்தார். 1987-ல் மூடிப்போன ஒரு தொடக்கப்பள்ளி வளாகத்தில் தன் படங்களுக்காக ஒரு காட்சியகமும் திறந்தார். பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளிக்கூடத்தில், அந்தப் பிள்ளைகளின் ஊர் படங்களாகத் தொங்கியது.

விளம்பரக்காரர்களும் வந்தார்கள். 1972-ல் நிஸான் ஸ்கைலைன் காரின் விளம்பரத்தில் ஒரு நெட்டிலிங்கம் போன்ற உயரமான பாப்லர் மரம் வந்தது. விளம்பரத்தில் நடித்த ஜோடியின் பெயரால் அது ‘கென்–மேரி மரம்’ ஆனது. 1976-ல் செவன் ஸ்டார்ஸ் சிகரெட் பெட்டியில் இன்னொரு மரத்தின் படம். அதற்கு ‘செவன் ஸ்டார்ஸ் மரம்’ என்று பெயர். கார் விற்றது, சிகரெட் விற்றது. மரத்தடியில் உருளைக்கிழங்கு போட்டவர் வழக்கம்போல உருளைக்கிழங்கு விற்றார்.

ஒரு வித்தியாசம் முக்கியம். டோமிடாவின் வயலில் வந்தவர் வாங்கிப் போக ஒரு துணிப்பை இருந்தது. பியெய்யில் வந்தவர் கோதுமையையா வாங்கிப்போவார்? காட்சியைப் பார்த்தார், படமெடுத்தார், போய்விட்டார். காட்சியை உண்டாக்கியவருக்கும் காட்சியால் சம்பாதித்தவருக்கும் நடுவில் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. சாலையில் நின்று பார்ப்பதற்கு யாரும் காசு கேட்க முடியாதுதான். ஆனால் சாலையில் நிற்பதோடு நிறுத்தினார்களா?

பியெய்யில் சாய்ந்து நின்ற பாப்லர் மரம் ஒன்று இருந்தது. தலையைச் சாய்த்து யோசிப்பது மாதிரி இருந்ததால் ‘தத்துவ மரம்’ என்று பெயர் வந்துவிட்டது. அது நின்றது தனியார் வயலில். நல்ல கோணம் கிடைக்க வேண்டுமென்றால் வயலுக்குள் இறங்க வேண்டும். இறங்கினார்கள். கோடையில் பயிரை மிதித்தார்கள். குளிர்காலத்தில் பனிதானே என்று நடந்தார்கள், பனிக்கடியில் குளிர்கால கோதுமை இருந்தது. நுழையாதீர் என்ற பலகை வைத்தும் பயனில்லை. கடைசியில் உரிமையாளர் மரத்தின் உடம்பிலேயே பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார். படம் கெட்டுப்போனால் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அதற்கும் வந்தார்கள்.

ரெண்டு செடியை மிதித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நமக்குத் தோன்றும். விவசாயியின் பயம் மிதிபட்ட செடிக்காக மட்டும் இல்லை. உருளைக்கிழங்கின் வேரில் வாழும் ஒருவகை நூற்புழு உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதன் முட்டைகள் ஒரு கூட்டுக்குள் வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஜப்பானில் அது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே ஹொக்கைடோவில்தான், 1972-ல். வேறு வயலின் மண் ஷூவில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். நுழைந்துவிட்டால் துடைத்து எடுப்பது மிகக் கடினம். காலையில் ஒரு வயலிலும் மதியம் இன்னொரு வயலிலும் படமெடுக்கிற சுற்றுலாப்பயணியின் காலணியை விவசாயி ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று இப்போது புரிகிறதல்லவா?

2016 பிப்ரவரி 24 அன்று உரிமையாளர் அந்த மரத்தை வெட்டிவிட்டார். மரத்துக்கும் வயதாகிவிட்டது, உழவுக்கும் இடைஞ்சல், அதோடு இந்தத் தொல்லை. செய்தி நாடு முழுக்கப் போனது. வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த வயலுக்குள் இறங்கியவர்கள் என்று கணக்கெடுக்க முடியாது. 2025 ஜனவரியில் செவன் ஸ்டார்ஸ் மரத்துக்கு அருகில் வரிசையாக நின்ற சுமார் நாற்பது வெள்ளை பிர்ச் மரங்களும் வெட்டப்பட்டன. பயிர்மேல் நிழல் விழுகிறது என்பது ஒரு காரணம், கூட்டம் சாலையை அடைக்கிறது என்பது இன்னொன்று. ஒரு விவசாயி தன் நிலத்தின் அழகைத் தானே அழித்தால்தான் நிலத்தைக் காப்பாற்ற முடியும் என்ற நிலைக்கு வருவது எவ்வளவு விநோதம்!

பாதை போடுவது

சரி, இதற்கு என்னதான் வழி? வேறு ஊர்களில் வேறு வேறு விடைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நெதர்லாந்தில் டூலிப் விவசாயிக்குப் பூ சரக்கே இல்லை. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்குதான் சரக்கு. பூ விரிந்ததும் ரகத்தைச் சரிபார்த்துவிட்டு, கிழங்குக்குச் சத்துப் போகட்டுமென்று பூத்தலைகளை இயந்திரத்தால் கொய்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இது மனசு உடையும் காட்சி. கிழங்கு விளைவிப்போரும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து 1949-ல் திட்டமிட்டு 1950-ல் திறந்த கொய்கென்ஹாஃப் பூங்கா இதற்கு ஒரு விடை. பார்க்கிற தோட்டம் தனி, விளைகிற வயல் தனி. அப்படியும் செல்ஃபிக்காக வயலுக்குள் இறங்குகிறவர்கள் நிற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் வயலோரங்களில் தடுப்புகளும் வேண்டுகோள் பலகைகளும் வைக்க வேண்டி வந்தது.

கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ரனன்குலஸ் பூ வயல் ஒன்று உண்டு, ஐம்பது ஏக்கர். அதுவும் கிழங்குக்காகத் தொடங்கியதுதான். கடலோர நிலம், மனை விலை ஏறிக்கொண்டே போனது. அதே பண்ணை நிலத்தின் இன்னொரு பகுதியில் 1999-ல் லெகோலாண்ட் பூங்கா வந்துவிட்டது. வயல் தப்பித்தது டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிற கூட்டத்தால். அங்கே தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி வேண்டும். நான் தொடக்கத்தில் சொன்ன படிவம் பிறக்கிற இடம் இதுமாதிரி இடங்கள்தான்.

கட்டணம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு உதாரணம். 2018 ஜூலையில் கனடாவின் ஒன்டாரியோவில் பறவைத் தீவனத்துக்காகச் சூரியகாந்தி போட்டிருந்த ஒரு விதைப் பண்ணை, ஆளுக்கு ஏழரை டாலர் என்று வயலைப் படமெடுக்கத் திறந்துவிட்டது. முதல் சில நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு இன்ஸ்டாகிராமில் படங்கள் பரவின. ஒரு சனிக்கிழமை ஆயிரக்கணக்கான கார்கள் வந்து நெடுஞ்சாலையை அடைத்து, போலீஸ் வந்து, அன்றே வயல் மூடப்பட்டது. திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. விலை வைத்தார்கள், எண்ணிக்கை வைக்கவில்லை. புக்கிங் என்பது காசு வாங்கும் ஏற்பாடு என்று நினைக்கிறோம். அதன் முக்கியமான வேலை எண்ணிக்கையை வரம்புக்குள் வைப்பது. இந்த நேரத்துக்கு இத்தனை பேர், இந்தப் பாதையில் மட்டும். மண் தாங்கும் அளவுதான் அந்த எண்.

தொழில்முறையாளரிடம் ஏன் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதும் இங்கிருந்துதான் புரியும். அவர் அதிக நேரம் நிற்கிறார், இடத்தை மறிக்கிறார், அந்தப் படத்தை விற்கிறார். சிகரெட் பெட்டியில் மரம் வந்தபோது நடக்காத கொடுக்கல் வாங்கலை, நாற்பது வருடம் கழித்து ஒரு படிவம் நடத்திவைக்கிறது.

சாரல் காலம்

இதெல்லாம் தூரத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. ஜூலை, ஆகஸ்டில் குற்றாலத்தில் சாரல் விழும்போது தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பின்னால் நிற்க, சூரியகாந்தி வயல்கள். புளியரை வழியாக இறங்கி வரும் கேரளக் கார்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். இந்த ஊருக்கு சினிமா கேமரா புதிதில்லை. 2005-ல் வந்த ‘அந்நியன்’ படப் பாட்டுக்காக நடிகர்களின் முகங்கள் வரையப்பட்ட பாறை இன்றைக்கும் ‘அந்நியன் பாறை’தான். சில வயல்களில் வரப்பு முனையில் ஒருவர் நின்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். சில வயல்களில் யாரும் இல்லை, மிதிபட்ட பாத்தியும் தலை ஒடிந்த செடியும்தான். கர்நாடகாவின் குண்டலுபேட்டையில் சூரியகாந்தியோடு செண்டுமல்லியும் உண்டு. அந்தச் செண்டுமல்லி மாலைக்குப் போவதில்லை, சாயச்சத்து எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் போகிறது. 1973-க்கு முந்தைய ஃபுரானோவின் ஏற்பாடு அப்படியே.

ஒற்றுமை அத்தோடு நிற்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருபது லட்சம் ஹெக்டேருக்கும் மேல் சூரியகாந்தி விளைந்தது. 1994, 95-ல் சமையல் எண்ணெய் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. இன்று நாம் உபயோகிக்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா என்று கப்பலில் வருகிறது. இங்கே பயிர்ப்பரப்பு அன்றிருந்ததில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. நாம் ‘எவ்ளோ அழகு!’ என்று போய் நிற்பது, மிஞ்சியிருக்கிற கொஞ்சத்தின் முன்னால்.

நம் விவசாயிக்குப் பூ அழகாக நிற்பது இரண்டு மூன்று வாரம். அப்புறம் தலை தொங்கி, இதழ் உதிர்ந்து, விதை முற்ற வேண்டும். அவருக்கு வருமானம் அந்த அழகில்லாத நாள்களில்தான். ஒடித்து முடியில் செருகிக்கொண்ட ஒரு பூ என்பது ஒரு தலை விதை. வரப்பில் ஐம்பது ரூபாய் கேட்டால் “வயலைப் பார்க்கறதுக்குக் காசா?” என்று முகம் சுளிக்கிறவர், அன்றைக்குக் காலையில் கேமராமேனுக்கு எவ்வளவு கொடுத்தார், மேக்கப்புக்கு எவ்வளவு கொடுத்தார் என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தப் படத்தில் கேமராமேன் செய்ததைவிட அதிகம் செய்தவர் மூன்று மாதம் முன்னால் விதை ஊன்றியவர்.

டோமிடாவின் வயலைக் காலண்டர் காப்பாற்றியது என்று தலைப்பு வைத்திருக்கிறேன். முழு உண்மை அதில்லை. படம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவுதான் அதனால் முடிந்தது. வந்தவர்கள் வயலில் ஒரு பங்கைக் காசு கொடுத்து எடுத்துப்போனதால் வயல் பிழைத்தது. பியெய்யிலும் படம் ஆட்களைக் கொண்டுவந்தது. அங்கே கொடுக்க வழியில்லை, அல்லது கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மரம் போனது.

அடுத்த சாரலுக்கு நீங்கள் போகக்கூடும். வரப்பு முனையில் ஆள் நின்றால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்து டீக்கடையில் யார் வயல் என்று விசாரியுங்கள், கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். அவரைப் பார்த்து, “அண்ணாச்சி, உள்ள போய் ரெண்டு படம் எடுத்துக்கிடலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் சாலையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மலை அங்கிருந்தும் தெரியும்.